நிலா இடம்

முனிர்க்கா, மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
கவிதை எழுத நான்கு பேர்
மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தோம்.
பூங்காவில் ஏழிலைப்பாலை பூத்து
தலைவலி போல மணக்கிறது.

சட்டம் ஒன்றுதான் என்றார் பிலோமினா
(குருகிராமில், ஜப்பான் கம்பெனியொன்றில்
சம்பளப் பட்டியல் போடுபவர்):
முன்னால் உள்ள கண்ணியின் கையைப் பிடிக்கலாம்,
அதற்கும் முந்தியதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.
மூன்றடி, அப்புறம் வேறொருவர் இரண்டடி,
மறுபடி மூன்று.
அங்கே விடிய விடிய எழுதுவார்களாம்.
நமக்குக் கடைசி மெட்ரோ பதினொன்றுக்கு.

அந்தாதி மாதிரியா என்றேன்.
"இல்லைப்பா. அந்தாதி சுற்றி வந்து
தொடங்கிய சொல்லிலேயே வீடு சேர்ந்துவிடும்.
இது வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருப்பது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பீரோ ஓரம் அல்லி. ஜன்னல் ஓரம் ஜெயசீலன்.
போன மார்ச்சில்தான் சாமான் பிரித்தார்கள்.
குக்கர் அவளிடம் போயிற்று,
அதன் கேஸ்கட் இன்னும் அவனிடம்.

எழுதும் வரிசை: அவன், நான், அவள், பிலோமினா.

முதல் கண்ணியில் இன்றைய பருவம் வேண்டும்.
"ஐப்பசி அடைமழை" என்று தொடங்கினான்.
வெளியே மூன்று வாரமாய்ச் சொட்டு இல்லை.
நம் கூதிர் வேறு, இந்த ஊர்க் கூதிர் வேறு.
அடித்துவிட்டு எழுதினான்:

    மழை வராத ஐப்பசி
    துணிக்கொடியில் ஒரு குடை
    காய்ந்த பிறகும் காய்கிறது

நான்:

    கிளிப்பு போதாமல்
    பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட

அவள், குடையைப் பார்க்காமல்:

    உறைக்கு ஒரு கரண்டி தயிர்
    சங்கிலி விட்ட இடைவெளியில்
    பாதி முகம், முழுச் சிரிப்பு

பிலோமினா:

    சாலையோரம் விற்பனைக்கு
    ராவணன், தலைகள் தனியாக

மறுபடி அவன். சிரிப்பைப் பார்க்காமல்:

    எரித்து முடித்த மைதானம்
    பலூன்காரர் விற்காததையெல்லாம்
    ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறார்

இரண்டு பேருக்கும் நடுவில் நான் எழுதியதெல்லாம் மெலிந்தே வந்தது.
பாலத்தின் மேல் யாரும் வீடு கட்டுவதில்லை.

    எந்தத் திசையில் போயிற்று என்று
    கேட்கவும் ஆளில்லை

ஏழாவது, நிலாவுக்கான இடம்.
அது அல்லிக்கு விழுந்தது.
பார்க்காமல் எழுத மாட்டேன் என்று
மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள்.
இன்று பௌர்ணமி. ஆனால் பஞ்சாபில்
வைக்கோல் எரிகிறது; வானம் கழுவாத பாத்திரம்.
பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.
முறுக்கைக்கூட மெதுவாகக் கடித்தோம்.
இறங்கி வந்து, நின்றபடியே:

    நிலா தெரியாத மாடி
    பாயசக் கிண்ணத்தின் மேல் வலைத்தட்டு
    இன்னும் காத்திருக்கிறது

வீட்டுக்காரம்மா வைத்ததாம். நிலவொளி விழுந்த பாயசம்
உடம்புக்கு நல்லதாம். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்து பிலோமினா.
கைப்பையில் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.
கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது.
"கிடைக்கலை. என் முறையைத் தள்ளிவிடுங்க.
ஜெயா, நீ எழுது."

ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது.
இப்போது அவள் வரி அவனுக்கு முந்திய வரி.
கையைப் பிடிக்கலாம்; பிடித்தே ஆக வேண்டும்.
பேனாவை மூடினான், திறந்தான்,
நோட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்தான்.
பிறகு இரண்டே அடி:

    தட்டை நான் தூக்கவில்லை
    உள்ளே ஏற்கெனவே ஓர் ஈ

அல்லி நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.
"ஈ கோடைக்கான சொல். இங்கே வரக் கூடாது."

ஏழு மாதத்தில் நேராக அவனிடம் சொன்ன
முதல் வாக்கியம்.

"டெல்லியில் எல்லா மாதமும் ஈ உண்டு" என்றான்.
"எங்க வீட்டில் இல்லை."
"நம்ம வீட்டில் இருந்தது."

பிலோமினா தலைமேலிருந்த கண்ணாடியை
அப்போதுதான் கண்டுபிடித்தார்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. என் முறை.
சட்டப்படி நான் நிலாவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.
ஈயைப் பிடித்துக்கொண்டு
வேறெங்காவது போக வேண்டும்.
அவர்கள் அடிப்பதா வைப்பதா என்று
இன்னும் அந்த ஈயைப் பற்றியே
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
நான் அவசரப்படவில்லை.