உளைவு

முப்பத்தொரு வருடம்
மற்றவர்களின் வாயாக இருந்தேன்.
திருகோணமலைக் கோட்டில்
சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை.
'நான் வெட்டவில்லை' என்று சிங்களத்தில் சொன்னதும் நான்தான்.
'நான்தான் வெட்டினேன்' என்றதும் நான்தான்.
இரண்டும் ஒரே குரலில்.
கூட்டாமல், குறைக்காமல்.

ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள்.
பத்து நிமிடம் பிந்தி ஓடியது.
திருத்தக் கொடுக்கவில்லை.

முதல் மாதம் அலுமாரிகளை அடுக்கினேன்.
இரண்டாம் மாதம் திரும்பவும் அடுக்கினேன்.
மூன்றாம் மாதம்
உவர்மலை வேலிக்குள் நுழைந்த மானோடு
சிங்களத்தில் சண்டை பிடித்தேன்.
செவ்வரத்தைப் பூவைச் சப்பிக்கொண்டே
பொறுமையாகக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குச் சேவை செய்யப் போகவில்லை.
பிரஷர் பார்க்கப் போனேன்.
கையில் நாற்பத்தேழாம் நம்பர்.
நாற்பத்தாறு, கிண்ணியாவிலிருந்து விடிய முன்னம்
பஸ் ஏறி வந்த ஹயாத்தும்மா.
டொக்டர் மாத்தறைப் பிள்ளை, வந்து ஒரு மாதம்.
அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரு சொல்:
'நோவுதா?'
'நோவு இல்ல மகன். உளையிது.'
நோவு இல்லை என்று எழுத
அவர் பேனாவைத் திறந்தார்.

நான் எழும்பினேன்.
என் நம்பர் வரவில்லை.
யாரும் என்னைக் கூப்பிடவுமில்லை.

உளைவுக்கு ஒற்றைச் சொல் வாய்க்கு வரவில்லை.
முப்பத்தொரு வருடத்தில் ஒரு சாட்சியும்
அதைச் சொன்னதில்லை.
மூன்று வசனமாகச் சொன்னேன்:
இரவில் வரும்.
யாராவது அமத்திவிட்டால் போகும்.
அமத்திவிட ஆளில்லை.

கடைசி வசனம் அவர் சொன்னதல்ல.
தன் கெண்டைக்காலைத்
தானே பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்து
நான் கூட்டியது.
கோட்டில் இது குற்றம்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் கிளினிக்.
இருவருக்கும் நடுவில் என் பிளாஸ்டிக் கதிரை.
சம்பளம் இல்லை.
பத்து மணிக்குத் தாதி ஒரு பிளேன்டீ தருவா,
சீனி கூட.
குச்சவெளி வலைக்காரருக்கு விரல் விறைக்கிறது.
தம்பலகாமத்துப் பெண்ணுக்கு அடிவயிறு கடுக்கிறது,
அதைச் சொல்லப் புருஷனை வெளியே அனுப்ப வேண்டும்.
அதையும் நான்தான் சொல்கிறேன்,
புருஷனுக்கு, கோட்டுக் குரலில்.

டொக்டர் இந்துனில் கொஞ்ச நாளாகத் தானே கேட்கிறார்:
'குத்துதா? இழுக்குதா? உளையுதா?'
'ள' மட்டும் இன்னும் வழுக்குகிறது.
இப்படியே போனால்
இன்னொரு தரம் பென்சனில் அனுப்பிவிடுவார்.

போன வெள்ளி கடைசித் துண்டும் போனபின்
யன்னலால் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது.
'உங்களுக்கு?' என்றார் தமிழில்.
'எனக்கு' என்று தொடங்கினேன்.
பழக்கதோஷம்,
யார் சொல்கிறார்கள் என்று
பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
கதிரை வெறுமையாக இருந்தது.

'முழங்கால்' என்றேன். 'உளையுது.'
எழுதிக்கொண்டார்.