இருபது நிமிடம்

அல் குவாவில் தார்ச்சாலை முடிகிற இடத்தில்
முகப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும்.
யாரும் எழுதிவைக்காத சட்டம்.
கடைசி முந்நூறு மீட்டருக்கு
மஸ்தான் கனியின் குரல்தான் பாதை:
"இடது, இன்னும் இடது, ஒட்டகம் படுத்திருக்கு, நிறுத்து."

டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்போம்.
வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும்
கண் திரும்ப இருட்டுக்குப் பழக
இருபது நிமிடம்.

அப்போது ஆறு பேர். நாலு தொலைநோக்கி. ஒரு பிளாஸ்க் சுலைமானி.
சனி பார்த்துவிடக் கூடாதென்று
ஊரில் எள் விளக்கு ஏற்றியவர் தெய்வசிகாமணி.
இங்கே இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிவந்து
சனியை அவர் பார்த்தார்.
முசஃபாவில் வெல்டராக இருந்த ரோடெல்
குழாய் வெட்டித் தானே செய்த கருவியில்
வளையம் கொஞ்சம் மங்கல்தான்.
ஒருவரும் அதைச் சொன்னதில்லை.
"போகஸைத் தொடலாமா" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவோம்.
யாராவது பெயரைத் தப்பாகச் சொன்னால்
"எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு" என்பார் தெய்வசிகாமணி.
தோன்றியிருக்காது.
அது பொய்யென்று தெரிய எனக்கு ஏழு வருடம் ஆயிற்று.

பிறகு நாற்பது பேரானோம்.
வண்டிக் கூரைகளில் எல்இடி பட்டைகள் வந்தன,
கறி சுடும் அடுப்பு வந்தது, தலைக்கு மேல் டிரோன் ரீங்கரித்தது.
விலையைக் கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்டார்கள்.
வியாழன் படத்துக்கு வண்ணம் பூசினாயா இல்லையா என்று
இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.
ரோடெலின் குழாயைத் தட்டிப் பார்த்து
"ஓட்டைத் தண்ணி பைப்பா?" என்றான் ஒருவன்.
"தம்பி, லைட்டு" என்ற மஸ்தான் கனிக்குக் கிடைத்த பதில்:
"பாலைவனம் உங்க அப்பன் வாங்கிப் போட்டதா?"
அன்றிலிருந்து அவர் யாருக்கும்
இடது வலது சொல்வதில்லை.

வந்தவர்கள்தான் கெடுத்தார்கள் என்று
இந்த இடத்தில் முடித்துக்கொள்ளலாம்.
வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
நாங்கள் பழைய ஆறு பேரும் அப்படித்தான் முடித்துக்கொண்டோம்.

ஆனால் ஜெபசீலி.
பனியாஸில் நர்ஸ். அந்தப் பிப்ரவரியில்
தோழி ஒருத்தியோடு ஒரே ஒரு முறை வந்தாள்.
மேற்கே கைநீட்டி, "அது வெள்ளியா?" என்றாள்.
"வெள்ளி இல்லம்மா, மதுரை பிளைட்டு.
சோத்துக்குத் தனிக் காசு."
பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள்.
அவளும் சிரித்தாள்.
எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது,
வாரம் முழுக்க கிடங்கில் பெட்டி எண்ணுகிறவன் நான்,
நான் சொல்லி யார் சிரித்தார்கள்?
அரைமணி கழித்து அவள் வண்டிக்குள் போய்
எதையோ தேட உள்விளக்கைப் போட்டாள்.
"லைட்டை அணை" என்று யாரோ கத்தினார்கள்.
யாரோ இல்லை.

போன வெள்ளிக்கிழமை நான் தனியாகத்தான் போனேன்.
தெய்வசிகாமணி ஊர் திரும்பிவிட்டார்.
ரோடெலின் எண் மாறிவிட்டது.
நெற்றியில் வெள்ளை விளக்கோடு நேரே என் முகத்துக்கு வந்தான் ஒருவன்,
பேச்சிமுத்துவாம், தண்ணி லாரி ஓட்டுகிறானாம்.
"அண்ணே, அடிவானத்துல செவப்பா, செவ்வாய்தானே?"

கண் போய்விட்டது எனக்கு.
எண்ணெய் வயலில் வாயு எரிக்கிற தீ அது.
நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது, நல்ல பதில்,
நாலு பேராவது சிரித்திருப்பார்கள்.
பச்சையும் ஊதாவுமாய்ப் பொட்டுகள் மிதக்க
குருடன் மாதிரி நின்றேன்.

"எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, பொய்யில்லை.
முதல் வருடம் இதே தீயைக் காட்டித்தான்
நானும் கேட்டேன்.

"அப்படியாண்ணே" என்று அவன் பக்கத்திலேயே நின்றான்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
அடுத்து அதைச் சொல்ல வேண்டும்.
எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.