சோஹார், இரவு இரண்டு பத்து

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கவுண்டர் பெண்
இருதயராஜ் என்பது நோயா, பெயரா என்றாள்.
இரண்டும்தான் என்றேன்.

அவசரம் என்றால் பணம் கட்ட வேண்டாமாம்.
எது அவசரம் என்பதை
மஸ்கட்டிலிருந்து ஒருவர் போனில் சொல்வாராம்.
அவர் எடுக்கும்வரை
என் கையில் அவன் கடிகாரமும் ஒற்றைச் செருப்பும்.
மற்றது கேம்ப் படிக்கட்டில் கிடக்கிறது.

மூன்றரைக்கு அனுமதி.
ஐந்து மணிக்கு டாக்டர் வந்து
'ஸ்டேபிள்' என்றார், சிரித்துக்கொண்டே.
கவுண்டர் பெண் சிரிக்கவில்லை.
ஸ்டேபிள் என்று எழுதிவிட்டால்
அவசரம் முடிந்ததாம்,
அதன்பின் கட்டிலுக்கும் காற்றுக்கும்
எங்கள் ரியால்.

உள்ளே போனேன்.
கண் திறந்து கிடந்தான்.
"எனக்குச் சரியாயிருச்சுல்ல?"

மெதுவாப் பேசு, என்றேன்.
வெளியே கேட்கும்.