இடது மணிக்கட்டு

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
நின்றுபோன கூட்ஸ் வண்டிக்கு அடியில் புகுந்து
தேவகிருபை அந்தப் பக்கம் போய்விட்டாள்.
பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு
நான் இந்தப் பக்கம் பெட்டிகளை எண்ணினேன்.

அப்போது எங்களுக்குப் பதின்மூன்று.
அவளுக்கு நிஜமாகவே பதின்மூன்று.
எனக்கு, ஒண்ணாம் வகுப்பில் சேர்த்த அன்று
ஹெட்மிஸ்ட்ரஸ் கையில் வந்தபடி எழுதிய பதின்மூன்று.

பையன்கள் ஆறு மணிக்கு வருவார்கள்.
நாங்கள் ஐந்துக்கே போய்
பீங்கான் சில்லும் பாட்டில் சில்லும் பொறுக்கி
மதிலோரம் குவித்துவிட்டு ஆடுவோம்.
அவள் நடுக்களம். நான் அவளுக்குப் பின்னால்.
"பின்னாடி ஆளு" என்று நான் கத்தினால்
திரும்பிப் பார்க்காமல் திரும்புவாள்.

பதினாறு வயதுக்குட்பட்டோர் முகாம், கட்டாக்கில்.
தினமும் இரண்டு முட்டை.
மூன்றாம் நாள் வரிசையில் நிறுத்தி
எல்லோருடைய இடது மணிக்கட்டையும் படம் எடுத்தார்கள்.
"எலும்பு பொய் சொல்லாதும்மா"
அந்த டாக்டர் அதட்டக்கூட இல்லை.
என் எலும்புக்குப் பதினெட்டாம்.

ஸ்டேஷன் வரை வந்தாள்.
தன் ஷின்கார்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.
ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய
என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவளைக் குரலாக மட்டும்தான் தெரியும்.
வாட்ஸ்அப்பில், குளிரில் நடுங்கி, காத்மாண்டுவிலிருந்து:
"ஜெர்சி ஆம்பளைங்க சைஸ்டி, முழங்கால்ல நிக்குது.
எம்பத்தேழாவது நிமிஷம் எறக்கினாங்க.
பந்து காலுல படவே இல்ல.
பட்டுச்சுன்னு எங்கம்மாகிட்ட சொல்லு."
சொன்னேன்.
குப்பை வண்டியின் பேட்டரியை சார்ஜில் போட்டபடி
"பட்டுச்சா?" என்று மூன்று முறை கேட்டாள் அந்தம்மா.

பத்தொன்பதில் ஒரு பெனால்டியை மேகத்துக்கு அடித்தாள்.
பதினான்கு மாதம் யாரும் கூப்பிடவில்லை.
அதைப் பற்றி எந்தக் குரலும் வரவில்லை.

சீனியர் டீம். வியன்டியான், அம்மான், தாஷ்கண்ட்.
அந்த ஊர்களை நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரே அறையின் இருட்டில்
மேப்பில் பெரிதாக்கிப் பார்ப்பேன்.
டெக்னீஷியன் வேலை.
உடைந்த கை, நசுங்கிய விரல், துறைமுகத்துத் தோள்கள்.
அப்படியே வைங்க. அசையாதீங்க.

கேப்டன் ஆனபோது
வைத்தியநாதன் பாலத்தருகே பேனர் வைத்தார்கள்.
கவுன்சிலர் முகம் பெரிது. அவள் முகம் ஓரத்தில்,
அதிலும் வேறு யாருடைய உடம்போ.
ஆனால் டிவியில் கேட்டது:
மணிப்பூர்க்காரி தோய்பி தொண்டை கிழியக் கத்துகிறாள்,
"பின்னாடி ஆளு!"
நான் சோற்றுத்தட்டோடு எழுந்து நின்றுவிட்டேன்.

போன மாதம், நைட் டூட்டி. மணி பதினொன்றரை.
மாஸ்க், தொப்பி,
ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு.
"பேரு போடாதடி."
"பேரில்லாம மெஷின் ஓடாது."
"அப்போ உம்பேரு போடு."
போட்டேன்.
"வயசு?"
"எந்த வயசு?" என்றாள்.
எட்டு வருஷத்துக்குப் பிறகு
இருவரும் சேர்ந்து சிரித்தோம், வாட்ச்மேன் எட்டிப் பார்க்கும்வரை.

திரையில் அவள் வலது பாதம்.
சுண்டுவிரலுக்குப் பின்னால் நீளும் எலும்பில்
முடி விழுந்ததுபோல் ஒரு கோடு.
துடைத்துப் பார்த்தேன். முடி இல்லை.

"இன்னா சொல்லுது?"
கோட்டை விரலால் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"ஒரு மேட்ச்தாண்டி. ஜெயிச்சா உள்ள, தோத்தா வெளிய."
"ஆடாத."
"சரி" என்றாள்,
வண்டிக்கு அடியில் புகுவதற்கு முன் சொல்வாளே,
அந்தச் சரி.

இன்று கேண்டீன் டிவியைச் சுற்றி
நர்சுகள், அட்டெண்டர்கள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர்.
தேசிய கீதம் முடிந்தது.
நடுவர் நாணயத்தைச் சுண்டுகிறார்.
எல்லோரும் நாணயத்தைப் பார்க்கிறார்கள்.
கைப்பட்டையில் ஊக்கு குத்திய கேப்டன்
எடையை மெல்ல இடது காலுக்கு மாற்றுகிறாள்.

என் பெயரில் ஒரு விரிசல்
அங்கே நிற்கிறது.
பின்னாடி ஆளு இல்லை.