துளை எண் பதினேழு

பிடோக் தெற்கில், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால்,
பச்சைத் தகரத் தடுப்புக்குள்
மூன்று நாளாகத் துளையிடுகிறார்கள், ரயிலுக்கு.
ஷஃபிகுல் குழாயை உருவி
மண்ணைப் பெட்டியில் கிடத்துகிறான்.
மேலே நிரப்பு மண்: செங்கல் துண்டு, ஒரு சோடா மூடி.
கீழே சாம்பல் நிறக் களி, கூமுட்டை நாற்றம்.
பதினோராவது மீட்டரில்
மணல்.

பொறியாளர் பூன் கியாட் எண்ணிக்கொண்டார்,
சுத்தியல் எத்தனை முறை விழுந்தால்
ஓர் அடி இறங்கும் என்று.
அவருக்கு அது ஓர் எண்.
எனக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி,
சல்லடை அடுக்கில் கொட்டிக் குலுக்கி,
நிறுத்துப் பார்த்தேன்.
ஏறக்குறைய எல்லாம் ஒரே தட்டில் நின்றது,
யாரோ முன்பே சலித்துவைத்ததுபோல.

ஆறு இப்படிச் சலிக்காது. ஆற்றுக்கு அவசரம்,
கூழாங்கல்லையும் சேற்றையும்
ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டுவந்து போட்டுவிடும்.
அலை கொஞ்சம் பொறுக்கும்.

நுண்ணோக்கியில் ஒரு சிட்டிகை.
தண்ணீர் உருட்டிய மணல் பளபளக்கும்.
இது மங்கல்,
மூச்சுவிட்ட ஜன்னல் கண்ணாடியின் மங்கல்.
உடம்பெல்லாம் பொடிக்குழி, ஒன்றையொன்று அடித்த தழும்பு.
குதித்து, விழுந்து,
விழுந்த இடத்தில் இன்னொன்றைக் கிளப்பி,
அது குதித்து,
அது விழுந்து

காற்று.

களிக்கும் கீழே, மூச்சுமுட்டும் ஆழத்தில்,
காற்று.

எக்கர் என்றொரு சொல் உண்டு.
உயர்நிலை மூன்றில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தது:
கடலோர மணல்மேடு. ஒரு மதிப்பெண்.
இருபது வருடமாக அதற்கு வேலையில்லை.
இங்கே மணல் என்றால் கப்பலில் வருவது,
தெம்பனிஸில் வேலிபோட்டுக் குவித்துவைப்பது.

கடல் எங்கோ தள்ளிப் படுத்திருந்த காலம்.
மார்கழி என்று சொல்ல ஆளில்லாத மார்கழி.
ஒரு மேடு தன் முதுகைத் தானே சுமந்து
இரவில் ஒரு சாண் நகர்ந்திருக்கும்.
பார்த்தது நண்டு மட்டும்.
நண்டும் பார்த்திருக்காது.

படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் உண்டு,
ஈரத்துக்கு உண்டு.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
'காற்று கொண்டுவந்திருக்கலாம்.'
"காற்றா? அதனால் சுரங்கத்துக்கு என்ன?"
"ஒன்றுமில்லை. சீக்கிரம் சரியும்."
தலையாட்டினார். அதை மட்டும் வைத்துக்கொண்டு
முதல் வரியை அடித்தார்.

பிப்ரவரி. மழையில்லா வாடை.
லாரி கொட்டிப்போன மணலின்மேல்
தார்ப்பாயின் ஒரு மூலை
இரவெல்லாம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
காலையில் தடுப்போரம்
முழங்கால் உயரத்தில் ஒரு மேடு.
ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து,
முதுகில் விரல் அகல வரிகள்.
ஒரு ராத்திரி வேலை.

ஷஃபிகுல் மண்வெட்டியோடு வந்தான்.
கொஞ்சம் இரு என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
மண்வெட்டியை ஊன்றி நின்றான்.
வரிகளில் ஒன்று
எங்கள் பக்கமாக ஒரு நூல் நகர்ந்தது.