பதினோராம் வண்டி

ஏழாவது குழிக்குப் போகும் மேட்டில்
பதினோராம் வண்டி நடக்கிறதாம்.
அப்படித்தான் எழுதியிருந்தது சீட்டில்.
ஓடவில்லை என்று எழுத மனசு வரவில்லை போல
பத்திநாதனுக்கு.
ஜெர்மன்காரர் இருவர் இறங்கித் தள்ளினார்களாம்,
சிரித்துக்கொண்டே.
மனேஜர் ஏக்கநாயக்க சிரிக்கவில்லை.

காலை ஆறரை, நுவரெலியா.
ஷெட்டுக்குள் என் மூச்சு என் கண்ணுக்கே தெரிகிறது.
சீற்றைத் தூக்கினேன்.
ஆறு பற்றரி, ஆறு கறுத்த முதுகு,
முனைகளில் பச்சை பூத்திருந்தது.
சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்ற
சீறி, நுரைத்து, அடங்கியது.
குற்றம்தான்.
ஆனால் நான் தேடி வந்த குற்றம் இதில்லை.

பின்சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றிக் கையால் சுற்றினேன்.
சும்மா சுற்றியது. பிரேக் பிடித்து இழுக்கவில்லை.
பெடலை மிதித்தேன்.
டக்.
சொலினொயிட் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டது.
பெடலுக்கு அடியில் இருக்கும் சென்சரும்
மெல்ல அழுத்த மெல்ல ஏறுகிறது,
எங்கேயும் குதிக்காமல், எங்கேயும் தூங்காமல்.
மொத்தத்துக்கும் மீற்றர் வைத்தேன்:
ஐம்பது தசம் ஏழு.
தனித்தனியாக வைத்தேன்:
எட்டு தசம் ஐந்து, எட்டு தசம் நாலு, ஐந்து, நாலு...
நிற்கவைத்துக் கேட்டால்
எல்லாரும் நல்லவர்கள்.

"கொன்ட்ரோலர் போயிருக்கும்,"
கொழும்பில் யாரோ போனில் சொன்னதாகச் சொன்னார் ஏக்கநாயக்க.
கொன்ட்ரோலரின் விலையைச் சொன்னேன்.
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மேட்டில் வைத்துத்தான் கேட்கவேண்டும்.

பத்திநாதன் பக்கத்தில், மடியில் மீற்றர்,
சிவப்பு வயரும் கறுப்பு வயரும் சீற்றுக்கு அடியில்.
ஜெர்மன்காரருக்குப் பதிலாக
பின்னால் மூன்று உர மூட்டை.
ஒரு பற்றரிக்கு ஓர் ஏற்றம்.
"சத்தமா வாசி, நான் பாதையப் பாக்கணும்."

"எட்டு... ஏழு தசம் ஒன்பது... அங்கயே நிக்குது அக்கா."
இரண்டாவதும் அப்படியே நின்றது.
மூன்றாவதில் ஒரு நாய் நடுப்பாதையில் படுத்துக்கொண்டது.
கீழே போய், திரும்பி வந்தோம்.
நான்காவது.
"ஏழு. ஆறரை. ஆறு.
அக்கா, அஞ்சு."
வண்டி நடந்தது.

மிச்சம் இரண்டையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான்
நாலாவதைத் தூக்கி வெளியே வைத்தேன்.
மற்ற ஐந்திலும் ஒரே மாதம் குத்தியிருக்கிறது.
இதில் அந்த இடம் அரத்தால் உரசி வழுவழு.
முதுகில் வெள்ளைப் பெயின்டில் 4.
இலக்கம் போடுவது நான்தான்.
என் நாலுக்கு வால் குட்டை.
இந்த நாலுக்கு வால் தரையைத் தொடுகிறது.

மின்வெட்டு நீண்ட அந்த மாதங்களில்
இரவுக் காவலுக்கு நின்றவர் பாக்கியசீலன்.
அவருடைய மகள் அந்த வருடம் சோதனை எழுதினாள்.
லயம் முழுக்க இருட்டாய்க் கிடக்க
அவர்கள் வீட்டு ஜன்னல் மட்டும்
விடிய விடிய மஞ்சளாய் இருந்தது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
பத்திநாதனும் அந்த வாலைப் பார்த்தான்.
பிறகு மூட்டைகளை இறக்கப் போனான்.

புதுசு போடக்கூடாது.
ஐந்து பழசுக்கு நடுவில் ஒரு புதுசு இருந்தால்
பழசுகள் அதையும் தங்கள் வயதுக்கு இழுத்துவிடும்.
ஓடாமல் நிறுத்திவைத்த மூன்றாம் வண்டியில் தோண்டி
ஒத்த வயதில் ஒன்றைப் பிடித்துப் போட்டேன்.
பத்து மணிக்கு, அதே மூட்டைகளோடு,
பதினோராம் வண்டி ஏழாவது குழிக்கு ஓடியது.
நாய் எழுந்து வழிவிட்டது.

பழுதுச் சீட்டில் மூன்று கோடு.
பழுது: நாலாம் பற்றரி, பாரத்தில் விழுகிறது.
செய்தது: மாற்றியாச்சு.
காரணம்:
பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.
மேடு, என்று எழுதினேன்.

ஏக்கநாயக்கவுக்குத் தமிழ் எழுத்து ஓடாது.
கடைசிச் சொல்லில் விரல் வைத்து, என்ன இது என்றார்.
"கந்த, சேர்."
ஜன்னலால் மேட்டைப் பார்த்தார், கனநேரம்.
கையெழுத்துப் போட்டார்.