உப்பில்லாத பனி

ஜூலை முப்பத்தொன்று. மாலை ஆறு மணிக்குச் சந்தை மூடும்.
அதற்குப் பிறகு எந்த பேஸ்பால் அணியும்
ஆளைக் கொடுத்து ஆளை வாங்க முடியாது.
ஈரி ஏரியின் ஈரம் இந்த பௌலிங் கூடம்வரை ஏறிவந்து
என் கண்ணாடித் தம்ளர்களில் ஒட்டுகிறது.
துடைக்கிறேன். மறுபடி ஒட்டுகிறது.

டர்க் ஹம்மல், ரயில் எஞ்சின் ஆலையிலிருந்து நேரே வந்தவன்,
கை கழுவாமலே கடலை தின்கிறான்.
"ஒரே ஒரு இடதுகைக்காரன். அவன் வீசினால்
மட்டை காற்றைத்தான் அடிக்கும்.
மூன்று பொடியன்களைக் கொடு, அவனை வாங்கு,
கோப்பையைத் தூக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

ஒடெல் கிரிம்ஸ் நகரப் பேருந்து ஓட்டுகிறவர்,
பேச்சிலும் பிரேக்கில் கால் வைத்திருப்பார்.
"முப்பத்து நான்கு வயது அவனுக்கு.
முழங்கையில் ஏற்கெனவே ஒருமுறை கத்தி பட்டாயிற்று.
நவம்பரில் ஒப்பந்தம் முடியும், பெட்டியைக் கட்டுவான்.
விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால்
ருசியாகத்தான் இருக்கும், டர்க்.
ஒரு வேளைக்கு."

"நாளைக்குப் பலாக்காய், நாளைக்குப் பலாக்காய் என்று
வாயைத் திறந்து வைத்தபடியே என் அப்பா போய்ச் சேர்ந்தார்.
எனக்குக் களாக்காய் போதும். இன்றைக்கே."

லொரெய்ன் பிலார்ஸ்கி,
பல் டாக்டரிடம் கணக்கெழுதுகிறவள்,
அதுவரை ஸ்கோர் அட்டையின் பின்பக்கம்
ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள்.
"நூறு பொடியன்களில் மேலே போய்ச் சேருவது பத்து பேர்.
அந்தப் பத்தில் நட்சத்திரம் ஒருவன்,
அதுவும் அன்று கடவுள் லீவில் இல்லாவிட்டால்.
விலை இருக்கும்போதே விற்றுவிட வேண்டும்."
அழுத்தி அடிக்கோடிட்டாள். பென்சில் முனை ஒடிந்தது.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
அவள் வீட்டு மாடியறையில் இருப்பவன் யார் என்று
இந்த மேஜைக்கே தெரியும்.

யெய்சன் பலெரியோ. பத்தொன்பது வயது.
இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே
ஓடும் பந்தைப் பூனைபோல் எடுப்பவன்.
டொமினிக்கன் நாட்டில் பனி என்று ஓர் ஊர்,
பக்கத்திலேயே உப்பளம்.
பனியில் பிறந்தவன் பனியை முதன்முதலாகப் பார்த்தது
இங்கே, ஏப்ரலில், லொரெய்னின் கார் கண்ணாடியில்.
விரலால் வழித்து, நாக்கில் வைத்து,
"உப்பில்லை" என்றானாம்.
இந்தக் கதையை அவள் எங்களுக்கு நான்கு தடவை சொல்லியிருக்கிறாள்.
இன்று சொல்லவில்லை.

ஐந்து நாற்பத்தெட்டு.
ஏழாம் தடத்தில் யாரோ பத்தையும் வீழ்த்திவிட்டுக் கத்த,
அதே நேரம் டர்க்கின் போன் கடலைத் தட்டில் துள்ளியது.
"வாங்கியாச்சு!"
மேஜையைக் குத்தினான். பீர் சிந்தியது.
கொடுத்தவர்களின் பெயர்களை உரக்கப் படித்தான்.
முதல் பெயர் எங்களில் யாரும் கேள்விப்படாதது.
இரண்டாவது, டெக்சஸ்காரப் பையன் ஒருவன்.
மூன்றாவதில் பாதியில் நிறுத்தி
எழுத்துக்கூட்டுகிற பிள்ளைபோல்
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒடெல் தொப்பியைக் கழற்றினார்.
எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல்
மறுபடி போட்டுக்கொண்டார்.

"நல்ல விலை" என்றாள் லொரெய்ன்.
"நான்தான் சொன்னேனே. நல்ல விலை."
பில் பதினொரு டாலர் எழுபத்தைந்து சென்ட்.
நாள் முழுக்க அடுத்தவர் காசை எண்ணுகிறவள்
அதை மூன்று தடவை எண்ணினாள்.
பிறகு என்னிடம், ரொம்பச் சாதாரணமாக,
"அவன் சாக்ஸெல்லாம் என் மெஷினில் ஈரமாகக் கிடக்கிறது.
காலையில் விமானம் என்றால்
டிரையரில் ஒரு மணி நேரம் போதுமில்லையா?"

போதும் என்றேன்.
கார் கிளம்பும் சத்தத்துக்காக மூவரும் காத்திருந்தோம்.
வெகுநேரம் கிளம்பவில்லை.

"வெள்ளிக்கிழமை வீசுகிறானாம் இடதுகைக்காரன்,"
டர்க் கடலைத் தோலிடம் சொன்னான்.
"டிக்கெட் எடுக்கட்டுமா?"

ஒடெல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.
"எடு. நாலாக எடு."